தியோடர் கோச்சர்: தைராய்டு சுரப்பியின் அருமையை உணர்த்திய அறுவை மருத்துவர்

தைராய்டு சுரப்பியில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தவுடன், சுரப்பியை முழுவதுமாக அகற்றிவிட்டால் கவலை தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். அனைவருக்கும் அது பொருந்தாது. இந்த உண்மையை மருத்துவ உலகம் அறியக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர்.

இளமையும் பணியும்

கோச்சர் 1841 ஆகஸ்ட் 25 அன்று பெர்ன் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று, பின்னர் பெர்லின், லண்டன், பாரிஸ், வியன்னா ஆகிய நகரங்களில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்களின் பணியைக் கண்டறிந்தார். 1872-ல், 30 வயதில், பெர்ன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். இறுதிவரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் அங்கு வாழ்ந்த பலருக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. சிலருக்கு அது மூச்சுக்குழாயை அழுத்தி உயிருக்கே ஆபத்தை விளைவித்தது. அக்காலத்தில் கழலை அறுவைச் சிகிச்சை மிகவும் அஞ்சப்பட்ட ஒன்று. இரத்தப்போக்கினாலும் கிருமித்தொற்றினாலும் பலர் இறந்தனர். கோச்சர் கிருமி நீக்க முறைகளைக் கண்டிப்புடன் பின்பற்றினார்; ஒவ்வோர் இரத்தக் குழாயையும் பொறுமையாகக் கட்டி, குரல் நரம்பைக் காத்து அறுவை செய்தார். தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியிருந்த இறப்பு, நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

வெற்றிக்குப் பின் தெரிந்த தீங்கு

தைராய்டு சுரப்பியின் பணி என்னவென்று அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. எனவே கழலை பெரிதாக இருந்தவர்களுக்குச் சுரப்பி முழுவதையும் கோச்சர் அகற்றி வந்தார். 1874-ல் அவ்வாறு அறுவை செய்யப்பட்ட 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் இயல்பு மாறிவிட்டதாக, அவளை அனுப்பிய மருத்துவர் பின்னர் தெரிவித்தார். 1882-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவெர்டின் என்னும் அறுவை மருத்துவரும், தம் நோயாளிகளிடம் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாகக் கோச்சரிடம் கூறினார்.

கோச்சர் உடனே தம் பழைய நோயாளிகளை மீண்டும் வரவழைத்தார். முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவர்களில் 18 பேரை ஆராய்ந்தபோது, இருவரைத் தவிர ஏனையோர் அனைவரிடமும் தளர்ச்சி, முகவீக்கம், குளிர் தாங்காமை, சிந்தனை மந்தம் ஆகியவை காணப்பட்டன. அந்தச் சிறுமியும் வந்தாள். முன்பு அவளையும் அவளுடைய தங்கையையும் வேறுபடுத்திக் காண்பதே அரிதாக இருந்தது. இப்போது தங்கை வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். அக்காளோ உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் குன்றி நின்றாள்.

சுரப்பியில் சிறிதும் மிஞ்சாதபடி நேர்த்தியாக அறுவை செய்ததே இத்தீங்கை விளைவித்தது. கோச்சர் இதை மறைக்கவில்லை. 1883-ல் பெர்லினில் நடைபெற்ற அறுவை மருத்துவர் மாநாட்டில் முழு விவரத்தையும் முன்வைத்தார். அதன்பின் சாதாரணக் கழலைகளில் சுரப்பியின் ஒரு பகுதியை விட்டுவைப்பதையே தம் நெறியாகக் கொண்டார். இந்த உண்மை, தைராய்டு சுரப்பி உடலுக்கு இன்றியமையாதது என்பதை நிறுவ உதவியது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இக்குறைபாட்டுக்குச் சிகிச்சை அளித்தார்.

தைராய்டு பற்றிய ஆய்வுகளுக்காகக் கோச்சருக்கு 1909-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் 1917 ஜூலை 27 அன்று மறைந்தார்.

இன்றைய நோயாளிக்கு இது உணர்த்துவது

தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் செய்யும் பரிசோதனை ஆகியவற்றின் அடிப்படையில் சிகிச்சை முடிவு செய்யப்படுகிறது. சாதாரணக் கட்டிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதும். பரவாத சிறிய புற்றுநோய்க் கட்டிகளிலும் சிலருக்குச் சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் அகற்றலாம். மிகச் சிறியவற்றை மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் வைத்திருக்கலாம். இருபுறமும் நோய் இருந்தாலோ பரவியிருந்தாலோ முழுச் சுரப்பியையும் அகற்ற நேரிடும். அவ்வாறு அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் லெவோதைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். கோச்சரின் நோயாளிகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது. மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

சிகிச்சையை முடிவு செய்யுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்:

- என் கட்டி எவ்வகையானது? இப்போதே அறுவை தேவையா, கண்காணிப்பு போதுமா?
- அறுவை எனில், பாதிச் சுரப்பியா, முழுச் சுரப்பியா? ஏன்?
- குரல் பாதிப்பும் கால்சியம் குறைவும் ஏற்படும் வாய்ப்பு எவ்வளவு?
- பின்னர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும்?

உங்கள் வயது, கருவுற்றிருத்தல், பிற நோய்கள், குரலை நம்பிய தொழில், தொடர்ந்து பரிசோதனைக்கு வர இயலுமா என்பன போன்றவற்றையும் மருத்துவரிடம் கூறுங்கள். கட்டி விரைவாகப் பெருத்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமம் ஏற்பட்டாலோ தாமதமின்றி மருத்துவமனையை அணுகுங்கள். மூச்சுவிடச் சிரமம் இருந்தால் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.