ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் பிறந்த பத்திரிகை!

காவிரிக் கரையிலே உள்ள திருவையாறு, தியாகராஜர் வாழ்ந்த ஊர். அந்த ஊரில் 1855-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. சுப்பிரமணிய அய்யர்.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. தஞ்சையில் படித்தார், சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி பெற்றார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்ற நேரத்தில் தாமே மாணவராகிப் படித்தார். இப்படி வாத்தியாராக இருந்துகொண்டே 1877-இல் பி.ஏ. தேறினார்!

ஆறு இளைஞர்கள்

மறு ஆண்டு, முத்துசாமி அய்யர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வருவதா என்று வெள்ளையர் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் துடித்தார்கள். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்டம் படித்த மாணவர்கள். சுப்பிரமணிய அய்யருக்கு வயது 23.

கையில் காசு இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி "ஹிந்து" பிறந்தது!

தமிழுக்கு வந்தார்

ஆங்கிலம் படித்தவர்கள் சிலரே. உழவரும் வணிகரும் நாட்டு நடப்பை அறிய வேண்டாமா? 1882-இல் "சுதேசமித்திரன்" என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழ் ஆயிற்று. 1904-இல் மதுரையில் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை அழைத்து வந்து உதவி ஆசிரியர் ஆக்கினார். அந்த இளைஞர்தான் பாரதியார்!

சொன்னதைச் செய்தார்

விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று எழுதினார். ஊருக்கு மட்டுமா உபதேசம்? இளம் வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்து வைத்தார். உற்றார் உறவினர் ஒதுக்கினார்கள். அவர் கலங்கவில்லை.

1908-இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அரசாங்கம் அவரைக் கைது செய்தது. அப்போதே நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1916-இல் காலமானார்.

வகுப்பறையில் பாடம் சொன்ன அந்த வாத்தியார், பத்திரிகையின் மூலம் ஊருக்கே பாடம் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழையும் தேசத்தின் சேதியைத் தமிழில் தெரிந்துகொள்ள வழி திறந்தவர்களில் அவர் முன்னவர்.