டர்னரும் ஒரு சிறிய பேரிங்கும்

பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் வீழ்ந்தது என்பதைப் பல ஆண்டுகள் கல்லூரி வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன். ஜப்பானியரின் மலிவு விலை, தொழிற்சங்கங்களின் பிடிவாதம் என்று இரு காரணங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். ஓய்வுபெற்ற பின் எட்வர்ட் டர்னரின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தபோது, மாணவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் எழுந்தது.

டர்னர் 1901 ஜனவரியில் லண்டனில் பிறந்தார். இளவயதில் வணிகக் கப்பலில் பணியாற்றிவிட்டு, லண்டனின் பெக்கம் பகுதியில் மோட்டார் சைக்கிள் கடை நடத்தினார். அங்கிருந்தபடியே என்ஜின்களை வரைந்தார். நான்கு சிலிண்டர்களைச் சதுரமாக அடுக்கிய அவரது வரைபடம் 1928-இல் ஏரியல் நிறுவனத்தின் ஜாக் சாங்ஸ்டரைக் கவர்ந்தது. அதுவே பின்னாளில் புகழ்பெற்ற 'ஸ்கொயர் ஃபோர்'.

1936-இல் சாங்ஸ்டர், தள்ளாடிக்கொண்டிருந்த டிரையம்ஃபின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கி, அதை டர்னரின் பொறுப்பில் விட்டார். மறு ஆண்டே 'ஸ்பீட் ட்வின்' வெளிவந்தது. 498 சிசி, இரட்டைச் சிலிண்டர், விலை 75 பவுண்டு. அதே நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் வண்டியைவிட 5 பவுண்டு மட்டுமே அதிகம். இந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் எளிது: புதிய என்ஜினை, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த வண்டியின் சட்டகத்திலேயே பொருந்துமாறு அவர் வடிவமைத்தார். இருப்பதைக் கொண்டு புதியதைச் செய்யும் இந்தத் திறமையில் அவருக்கு நிகர் எவருமில்லை என்றே சொல்வேன்.

1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் கோவென்ட்ரி தொழிற்சாலை அழிந்தது. மெரிடனில் புதிய ஆலை எழுந்தது. போருக்குப் பின் அமெரிக்கச் சந்தை திறந்தது. கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் கேட்டதெல்லாம் மேலும் வேகம், மேலும் சக்தி. 500 சிசி என்ஜின் 650 ஆனது. 1959-இல் 'பானவில்' வந்தது. இடையே 1951-இல் டிரையம்ஃப், பிஎஸ்ஏ குழுமத்துக்கு விற்கப்பட்டது. 1956-இல் அக்குழுமத்தின் வாகனப் பிரிவு முழுவதும் டர்னரின் கைக்கு வந்தது.

மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. டர்னரிடம் பணிபுரிந்து பயின்ற பெர்ட் ஹாப்வுட், நார்ட்டன் நிறுவனத்துக்குச் சென்று 497 சிசி 'டாமினேட்டர்' இரட்டைச் சிலிண்டர் என்ஜினை வடிவமைத்தார். அதன் வழிவந்ததே 1967-இல் அறிமுகமான 'கமாண்டோ'. டர்னரின் கையெழுத்து அதில் இல்லை. அவர் தொடங்கிவைத்த பழக்கம் இருந்தது.

அந்தப் பழக்கத்தின் விளைவைக் கமாண்டோவின் கியர்பாக்ஸைத் திறந்தால் காணலாம். அது 1950-களின் நடுப்பகுதியில், 30, 40 குதிரைத்திறன் வண்டிகள் ஓடிய காலத்தில் வடிவமைக்கப்பட்டது. நல்ல கியர்பாக்ஸ்தான், கியர் மாற்றும் நயத்தை இன்றும் பாராட்டுகிறார்கள். ஆனால், அதன் மீது ஏறத்தாழ 60 குதிரைத்திறன் ஏற்றப்பட்டது. என்ஜினோ 1973-இல் 828 சிசி வரை பெருத்தது. கீழ்த்தண்டான லேஷாஃப்டின் ஒரு முனையைத் தாங்குவது 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட சிறிய பால் பேரிங். தாழ்ந்த கியர்களில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் விசை முழு மூச்சாக அதன் மீது இறங்குகிறது. குண்டுகள் வளையத்தைத் தொடுவது புள்ளியளவே என்பதால் பாரம் ஓரிடத்தில் குவிகிறது. நாளடைவில் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைகிறது, தண்டு சாய்கிறது. ஓடும்போதே கிக் ஸ்டார்ட்டர் தானாக அசைவது எச்சரிக்கை மணி. அதைக் கவனியாமல் விட்டால் கியர்பாக்ஸ் இறுகிப் பின்சக்கரமே நின்றுபோகலாம். இதற்கான மருந்து, அதே அளவுள்ள ரோலர் பேரிங். உருளைகள் கோடு நெடுகத் தொடுவதால் பாரம் பரவுகிறது. தண்டின் பக்கவாட்டு நகர்வை மட்டும் மெல்லிய வளையம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பொறியாளரல்லாத எனக்கே விளங்குகிறது.

இவ்வளவு எளிய மாற்றத்தைத் தொடக்கத்திலேயே ஏன் செய்யவில்லை? பேரிங்கின் விலை காரணமாக இருந்திருக்க முடியாது. என்ஜின் சக்தி கூடினால் வண்டி விற்கும், விளம்பரத்தில் அச்சாகும். கியர்பாக்ஸ் வலுவானால் யாருக்கும் தெரியாது. புதிய கியர்பாக்ஸ் என்றால் புதிய வார்ப்புகள், புதிய இயந்திரங்கள், பெரும் முதலீடு. பழைய கருவிகளைக் கொண்டே உற்பத்தி செய்தால் ஆண்டுக் கணக்கில் லாபம் பளிச்சென்று தெரியும். அந்த லாபத்தில் ஒரு பகுதி, தேய்ந்துகொண்டிருந்த மூலதனமே. தேய்மானம் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய நான் இதைக் காணத் தவறியது எனக்கே வியப்பு.

டர்னருக்கு இது புரியாமலில்லை. 1960-இல் ஜப்பான் சென்று ஹோண்டா, சுசுகி, யமஹா ஆலைகளைப் பார்வையிட்டார். அங்கிருந்த நவீன இயந்திரங்களையும் உற்பத்தி வேகத்தையும் கண்டு, தம் குழுமத்துக்கு எச்சரிக்கை அறிக்கை எழுதினார். நான் கற்பித்த 'மலிவு விலை'க்குப் பின்னால் இருந்தது மலிவான உழைப்பு மட்டுமன்று, இந்த முதலீடு என்பதை அவர் நேரில் கண்டுவிட்டார். ஆயினும், எழுதியவர் கையிலேயே அதிகாரம் இருந்தது. மெரிடனில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சிக்கனத்தால் எழுந்தவருக்குச் செலவழிக்க மனம் வரவில்லை என்பது என் கணிப்பு. அந்தச் சிக்கனம்தான் 1936-இல் டிரையம்ஃபைக் காப்பாற்றியது என்பதையும் மறக்கக் கூடாது.

1964-இல் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகிய பின்னும் ஒரு 350 சிசி வண்டியை வரைந்தார். ஹாப்வுட்டும் டக் ஹீலும் அதைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. அது விற்பனைக்கு வரவேயில்லை.

1973 ஆகஸ்ட் 15 அன்று டர்னர் காலமானார். அடுத்த மாதம் மெரிடன் ஆலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது; தொழிலாளர்கள் வாயில்களை மறித்து உள்ளே அமர்ந்தனர். கமாண்டோ 1977 வரை வெளிவந்தது. அந்த வண்டியை இன்றும் பாதுகாத்து ஓட்டுவோர், கியர்பாக்ஸைப் பிரித்தால் முதலில் தூக்கி எறிவது அந்தப் பால் பேரிங்கைத்தான்.