நூற்கடலில் வழி வகுத்தவர்

சங்கரன்கோவிலின் கைத்தறி நெசவைப்பற்றி ஒருவர் புத்தகம் தேடுகின்றார்; அவ்வூர் ஆடித்தபசு விழாவைப்பற்றி மற்றொருவர் தேடுகின்றார். ஒன்று தொழில்; மற்றொன்று சமயம். இருவர்க்கும் ஒரே பட்டியல் வழிகாட்டுதல் வேண்டும். அதற்கு முறை வகுத்த பேரறிஞர் சீர்காழி இராமாமிருத ரங்கநாதனார் ஆவர்.

தஞ்சை நாட்டில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் கணிதம் பயின்று ஆசிரியரானார். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூல்நிலையத் தலைவராக அமர்ந்தார். ஆயின் மாணவரில்லாத் தனிமையைப் பொறாது, சின்னாளிலேயே பழைய பணிக்கு மீள விழைந்தார். லண்டனிற் பயின்றபின்னும் மனம் மாறாதாயின் மீளலாமென இசைவு கிடைத்தது. ஆங்குச் சிறுவரும் தொழிலாளரும் நூல்நிலையங்களாற் பயனுறுதலைக் கண்டார்; மனம் மாறினார். சில துண்டுகளைப் பலவாறு இணைத்துப் பற்பல உருவங்கள் செய்யும் விளையாட்டுப் பொருளொன்றை அந்நகரக் கடையிற் கண்டது, அவருக்குப் புதியதொரு முறையைத் தோற்றுவித்தது.

ஒவ்வொரு பொருளையும் கூறுகளாகப் பிரித்து, கூறுகளுக்குத் தனித்தனிக் குறியிட்டு, முக்காற்புள்ளியால் இணைக்கும் அப்பகுப்புமுறையை 1933-இல் வெளியிட்டார். நெசவுக்கொரு குறி, இடத்திற்கொரு குறி, இரண்டும் சேரின் நூலின் இடம் புலப்படும். 1934-இல் பட்டியல் விதிகளையும் இயற்றினார். அவ்விதிகளின்படி, அகரவரிசையிற் பொருட்பெயரைக் கண்டு அதன் குறியை அறியலாம். அக்குறிவழிச் செல்லின் வேண்டிய நூலோடு அதற்கு இனமான நூல்களும் ஒருங்கே கிடைக்கும்.

1972-இல் அவர் மறைந்தார். விட்டகல நினைத்த பணிக்கே அவர் இலக்கணம் வகுத்தார். நாம் சலிப்புறும் கடமையினுள்ளும் இறைவனின் அழைப்பு மறைந்திருத்தல் கூடுமன்றோ?