படிக்காதவருக்கு எதுக்கு ஓட்டு? அதிகம் படித்த அம்பேத்கர் சொன்ன பதில்

தேர்தல் தேதி அறிவிச்சதுமே ஒரு பேச்சு கிளம்பிடும். நாட்டு வரலாறு, கட்சி வரலாறு எதுவும் தெரியாதவங்களுக்கு எதுக்கு ஓட்டு, ஒரு பரீட்சை வெச்சு பாஸானவங்களுக்கு மட்டும் கொடுத்தா என்ன என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார். புதுசா தோன்றினாலும் இது நூறு வருஷத்துக்கும் மேலான கேள்வி. இந்தியாவில் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னவர், தன் காலத்து அரசியல் தலைவர்களில் மிக அதிகம் படித்தவர்களில் ஒருவர். அவர் பி.ஆர்.அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மௌ ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். பள்ளிக்கூடத்தில் அவருக்கென்று தனியாக ஒரு சாக்கு. அதில்தான் உட்கார வேண்டும், சாயங்காலம் அதை வீட்டுக்கே தூக்கிட்டுப் போக வேண்டும். குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அந்தச் சிறுவன் 1907-ல் மெட்ரிக் தேறியபோது, கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், அடுத்து லண்டன். 1917-ல் உதவித்தொகை முடிந்து ஊர் திரும்பியபோது, தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் கடலோடு போயின. விடவில்லை. 1920-ல் மறுபடியும் லண்டன் போய் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தார். பின்னாளில் மும்பை தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டியபோதும் புத்தகங்களுக்கான இடத்தை மனசில் வைத்துத்தான் கட்டினார்.

இப்படிப்பட்ட ஒருவர், படித்தவருக்கு மட்டும் ஓட்டு என்று சொல்லியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் சொன்னது நேர் எதிர்.

அந்தக் காலத்தில் ஓட்டு என்பது சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களின் சமாச்சாரம். 1919-ல், 27 வயதில், வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். 1929 மே மாதம், சைமன் கமிஷனோடு சேர்ந்து செயல்பட்ட பம்பாய் மாகாணக் குழுவின் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல், தனி அறிக்கையே எழுதிக் கொடுத்தார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. படிப்பைத் தகுதியாக வைப்பவர்கள் இரண்டு இடத்தில் தப்பு பண்றாங்க என்று விளக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அறிவு இல்லை என்று நினைப்பது ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தாலே அறிவு கூடிவிடும் என்று நம்புவது இன்னொன்று. அவருடைய பார்வையில், எல்லோரும் சேர்ந்து வாழும் வாழ்க்கையின் விதிகளைத் தீர்மானிக்கிற உரிமைதான் ஓட்டு. அந்த விதிகளால் அதிகம் அடிபடுபவரிடமிருந்தே அதைப் பறிப்பது எப்படி நியாயமாகும்?

பள்ளிக்கூடத்துக் குழாயைக்கூடத் தொட விடாத சமூகம், அப்புறம் ஏன் படிக்கலைன்னு கேட்டு ஓட்டையும் மறுக்கிற அபத்தம் அவருக்குச் சொந்த வாழ்க்கையிலேயே தெரியும்.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அவரோடு போனவர் தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் சேர்ந்து கொடுத்த மனுவிலும் வயது வந்தோர் வாக்குரிமை இருந்தது.

ரோம் வரலாறு சொன்ன பாடம்

அதற்காக, படிப்பே வேண்டாம் என்று அவர் நினைத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. வரலாற்றைப் படித்து ஓட்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தேடினார். 1936-ல் வெளியான சாதி ஒழிப்பு நூலில் பண்டைய ரோமாபுரியை உதாரணம் காட்டுகிறார். அங்கே சாமானிய மக்களான பிளெபியன்கள் தங்கள் ஆளையே உயர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆனால் டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு சம்மதித்தால்தான் அவர் பதவி ஏற்க முடியும். பூசாரிகளோ எல்லாரும் மேல்தட்டுக்காரர்கள். தங்களுக்கு அடங்காத ஆள் ஜெயித்து வந்தால் தெய்வம் ஒத்துக்கலைன்னு சொல்லிவிடுவார்கள். மக்களும் அந்தத் தெய்வத்தை நம்பியதால் வாயை மூடிக்கொண்டார்கள். ஓட்டு கையில் இருந்தும் அதிகாரம் வரவில்லை.

அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவராக 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோதும் வரலாறுதான் அவருடைய ஆயுதம். சிந்து மன்னர் தாகிரின் தளபதிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு போரிட மறுத்ததை நினைவூட்டினார். புத்த சங்கங்களில் தீர்மானம், வாக்கெடுப்பு, குறைந்தபட்ச வருகை என்ற விதிகள் இருந்ததையும், அந்த மரபை நாம் ஒருமுறை தொலைத்துவிட்டதையும் சொன்னார். தலைவர்கள் மீதான பக்தி அரசியலில் சர்வாதிகாரத்துக்கு வழிவிடும் என்று எச்சரித்தார். இன்றைக்கும் தேர்தல் நேரத்தில் ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டிய உரை அது.

அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு, 21 வயதான எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்தது. 18 வயது என்றானது 1989-ல்தான். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம்; வாக்காளர்களோ 17 கோடிக்கும் மேல். பெயரைப் படிக்க முடியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்தன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனி ஓட்டுப் பெட்டி.

அந்த முதல் தேர்தலில் அவரே தோற்றார். இந்து சட்ட மசோதா விவகாரத்தில் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை உதறியிருந்த அவர், யானைச் சின்னத்தில் பம்பாய் வடக்கு தொகுதியில் நின்றார். இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி அது. ரிசர்வ் இடத்தில் காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் சுமார் 14,500 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆயிரக்கணக்கான ஓட்டுகள் செல்லாதவையாகின. அம்பேத்கர் தொடுத்த தேர்தல் வழக்கும் நிற்கவில்லை. 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. மாநிலங்களவை வழியாகத்தான் அவர் நாடாளுமன்றத்துக்குள் போக முடிந்தது.

கடைசி ஆண்டுகளில் இந்திய ஜனநாயகம் பற்றி அவருக்குக் கசப்பும் சந்தேகமும் நிறையவே இருந்தன. 1956 ஜூலையில் மும்பையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். வாக்காளர்களுக்கு இல்லை, அரசியலுக்கு வர விரும்புபவர்களுக்கு. சட்டம் இயற்றப் போகிறவர் முதலில் படிச்சுட்டு வரட்டும் என்பதுதான் கணக்கு. சிறிய ஒரு குழு சேர்ந்தது. அந்த மாணவர்களிடம் நேரில் வந்து பேச வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நிறைவேறவில்லை. டிசம்பர் 6-ல் டெல்லியில் காலமானார். அடுத்த ஆண்டு, நாடு இரண்டாவது பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த மார்ச் மாதத்தோடு, பள்ளியும் மூடப்பட்டது.