கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ

குளிர்சாதனப் பெட்டியின் அறைகள் யாவும் ஒரே அளவில் குளிர்ந்திருப்பதில்லை. பாலும் சமைத்த உணவும் வைக்கும் அறை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். காய்கறிகளுக்குரிய இழுப்பறை, அவை வாடாதவாறு ஈரத்தைக் காக்கும். மீனும் இறைச்சியும் நெடுநாள் கிடக்கும் உறையறையோ சுழியத்திற்குக் கீழ் 18 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். உறைந்த உணவு சுவை குன்றாதிருக்க வழி கண்டவருள் தலைசிறந்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர்.

அவர் 1886ஆம் ஆண்டு புரூக்ளினில் பிறந்தார். பொருள் முட்டுப்பாட்டால் கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டார். 1912இல் கனடாவின் வடகிழக்கிலுள்ள லாப்ரடாருக்குச் சென்று, விலங்குத்தோல் வாணிகம் செய்தார். அங்கே இனூயிட்டு மக்கள் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பர். கடுங்குளிரில் மீன் நொடிப்பொழுதில் உறைந்துவிடும். பல திங்கள் கழித்துச் சமைப்பினும் அது புதுமீன்போலவே சுவைத்தது. ஆனால், குளிர் குறைந்த காலத்தில் உறைந்த உணவு அவ்வாறு சுவைக்கவில்லை. இவ்வேறுபாடு அவர் சிந்தையைக் கவர்ந்தது.

உணவு மெல்ல உறையின் அதிலுள்ள நீர் பெரும் பனித்துகள்களாகி உயிரணுக்களைக் கிழிக்கும். உருகும்போது சாறு வடிந்து உணவு குழைந்துபோகும். விரைந்து உறையின் துகள்கள் நுண்ணியவாய் அமையும், உணவும் கெடாது. இவ்வுண்மையைப் பேர்ட்ஸ்ஐ உணர்ந்தார். தம் மனைவியும் கைக்குழந்தையும் உடனிருந்த அப்பனி நிலத்தில், முட்டைக்கோசையும் உறையவைத்துச் சோதித்தார்.

தாயகம் திரும்பியபின், 1923இல் நியூயார்க்கில் உறைமீன் வாணிகம் தொடங்கினார். உறைந்த மீன் தாழ்ந்தது என்று கருதிய மக்கள் அதனை வாங்கவில்லை. கைப்பொருள் அனைத்தும் கரைந்தது, நிறுவனம் நொடித்தது. எனினும் அவர் ஊக்கம் நொடிக்கவில்லை. குளோஸ்டர் என்னும் மீன்பிடி துறைமுகத்தில் மீண்டும் முயன்றார். பொதி செய்த உணவைக் குளிரூட்டிய இரு உலோகத் தட்டுகளுக்கிடையே அழுத்தி, விரைவில் உறையச் செய்யும் பொறியை அமைத்தார்.

1929இல் அவருடைய நிறுவனமும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு விலைபோயின. 1930 மார்ச்சுத் திங்களில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவர் முறையில் உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. கடைகளில் உறைபெட்டிகள் பரவப் பரவ, மக்களின் ஐயமும் மறைந்தது.

செல்வம் பெற்ற பின்னரும் பேர்ட்ஸ்ஐ ஓய்ந்திருக்கவில்லை. புதியன காண்பதிலேயே நாள்களைக் கழித்து, 1956இல் மறைந்தார். பனிநிலத்தில் பலர் நாள்தோறும் கண்ட காட்சியையே அவரும் கண்டார். ஆயினும் ஏன் என்று வினவினார். அவ்வினாவின் பயனை இன்று உலகம் நுகர்கின்றது.