உதவித்தொகை நின்ற மாணவர்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும்போது நம் காலனிகளில் ஒரே பேச்சுதான். சாதிச் சான்றிதழ் வந்ததா, வருமானச் சான்றிதழ் கிடைத்ததா, உதவித்தொகை எப்போது கணக்கில் ஏறும்? அதுவரை கல்லூரி பொறுத்துக்கொள்ளுமா என்ற கவலையில் பெற்றோர் வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். சில பிள்ளைகள் இரண்டாம் ஆண்டோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

படிப்பின் நடுவில் உதவித்தொகை நின்றுபோன மாணவர்களில் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். அவருடைய பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்கிச் சொல்கிறோம். அந்தப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் நின்றது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லாத நாளில், கட்டிக்கொடுத்த மகளிடம் போய்க் கடன் கேட்பார். மகளிடமும் பணம் இல்லையென்றால் அவளுடைய நகையை வாங்கி அடகு வைப்பார்.

1907இல் மெட்ரிக்குலேஷன் தேறியபின் மேற்படிப்புக்கு வழி கிடைத்தது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த மாதம் 25 ரூபாயால். 1912இல் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டு தந்தை காலமானார். அதே ஆண்டில் மூன்றாண்டு உதவித்தொகையை நம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். படித்து முடித்துப் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டன் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். ஆராய்ச்சி பாதியில் இருந்தபோது, 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தனியே அனுப்பிய புத்தகங்கள் இருந்த கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தொட்டுவிடாமல் அவருடைய மேசையில் எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்காமல் பெயரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் இருந்தார். அங்கிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரைத் துரத்தினார்கள். வெளிநாட்டுப் பட்டம் சாதியைக் கழுவிவிடவில்லை.

பம்பாய் திரும்பினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் 450 ரூபாய். அதில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார், நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் தந்தார். 1920இல் மீண்டும் லண்டன் போனார். அரைவயிறு சாப்பாட்டோடு நூலகம் திறந்ததிலிருந்து மூடும்வரை படித்தார். இங்கே அவருடைய மனைவி ரமாபாய் வறுமையோடு குடும்பத்தைக் காத்தார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரை அந்தத் தம்பதி பறிகொடுத்தார்கள். அவர் 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். எண்ணிப்பார்த்தால், உதவித்தொகை நின்றதால் அப்பேர்ப்பட்ட மாணவருக்கே மூன்றாண்டு வீணானது.

அந்த அனுபவத்தை அவர் சொந்தக் கதையாக விட்டுவிடவில்லை. 1925 ஜனவரியில் சோலாப்பூரில் நம் பிள்ளைகளுக்காக விடுதி திறந்தார். பம்பாய்ச் சட்ட மேலவையில் உறுப்பினரான உடனே வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுத்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அவர் தண்ணீர் அள்ளிக் குடித்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதற்கு எட்டு நாள் முன்பு, மார்ச் 12 அன்று, சட்ட மேலவையில் கல்வி மானியத்தின் மீது அவர் பேசினார்.

அன்று அவர் வைத்தது எளிய கணக்கு. பம்பாய் மாகாண அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது. சாராய வரியாக மக்களிடமிருந்து தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் வாங்குகிறது. வாங்கும் அளவுக்காவது கல்விக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்புக்கு வருகிறார்கள், மற்ற 82 பேரும் எழுத்தை மறந்துவிடுகிறார்கள் என்று காட்டினார். கட்டணத்தால் கல்விச் செலவை ஈடுகட்டப் பார்ப்பதை எதிர்த்தார்.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோதும் இதே கணக்கோடு போனார். பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கிறீர்களே, பட்டியல் சாதி மாணவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று 1942இல் கோரிக்கை மனுவோடு கேட்டார். 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அதுதான் வேர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி வந்தது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோது, அந்த வழியில் படித்து மேலே வந்த ஒரு தலைமுறை இருந்தது.

அந்த உதவித்தொகையின் செலவை யார் ஏற்பது என்ற இழுபறி பிற்காலத்தில் வந்தது. சில ஆண்டுகள் பெரும்பகுதி மாநிலங்களின் தலையில் விழுந்தது. 2020 டிசம்பரில்தான் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று முடிவானது. பங்கு பிரித்தாயிற்று. ஆனால் பணம் தாமதமானால் அந்தத் தாமதத்தைத் தாங்குவது இன்றும் ஒரு மாணவியின் குடும்பம்தான். நிதி இல்லை என்று அரசு சொல்லும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது விடுதிச் சாப்பாடும், காலியாகவே கிடக்கும் ஆசிரியர் பணியிடமும்தான்.

சிலைக்கு மாலை போடுவதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. கூடவே கணக்கும் கேட்போம். நம் ஒன்றியத்தில் எத்தனை பேர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு எந்த மாதம் பணம் வந்தது? ஆதிதிராவிடர் நல விடுதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? அதில் செலவாகாமல் திரும்பியது எவ்வளவு? இவற்றைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஒரு கிராமத்தில் படித்த இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்தால் போதும்.

அண்ணல் தன் நின்றுபோன படிப்பைக் கடன் வாங்கித் தொடர்ந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் அவர் கணக்குக் கேட்டார். நாமும் கேட்போம்.