ஒரு அணா டிபன் போட்ட தலைவர்!

தி.நகருக்கு தினமும் பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கு அந்த "தி" யார் என்று தெரியாது. அவர்தான் சர். பிட்டி தியாகராயர்.

1852ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்தார். நெசவுத் தொழில் நடத்திய பணக்காரர். எப்போதும் வெள்ளை உடைதான். அதனால் "வெள்ளுடை வேந்தர்" என்று பெயர் வந்தது.

40 ஆண்டு கவுன்சிலர்

ஊர் நிர்வாகத்தில் ஊர்க்காரர்களுக்கும் பங்கு வேண்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882ல் தீர்மானம் போட்டார். அதே ஆண்டு தியாகராயர் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தார். சுமார் 40 ஆண்டு கவுன்சிலராக இருந்தார்.

ஆனால் தலைவர் நாற்காலியில் அதிகாரிகளே உட்கார்ந்தார்கள். கவுன்சிலர்கள் பேசலாம், அவ்வளவுதான்!

1919ல் புதிய மாநகராட்சி சட்டம் வந்தது. தலைவரை கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. அப்படி உட்கார்ந்த முதல் ஆள் தியாகராயர். மேயர் என்ற பெயர் 1933ல்தான் வந்தது. அவர் காலத்தில் "பிரசிடெண்ட்".

1920ல் நீதிக்கட்சி மாகாணத் தேர்தலில் ஜெயித்தது. முதல் மந்திரி பதவி கட்சித் தலைவரான தியாகராயரின் வீடு தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார்.

பசித்த பையன்கள்

கையில் வந்த அதிகாரத்தை தியாகராயர் என்ன செய்தார்?

ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளியில் ஏழைப் பையன்கள்தான் படித்தார்கள். வயிறு காய்ந்தால் பள்ளிக்கூடம் எப்படி வருவான்? பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. பள்ளியிலேயே டிபன். ஒரு பையனுக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. ஒரு அணா என்றால் இன்றைய கணக்கில் ஆறேகால் பைசா!

பையன்கள் வர ஆரம்பித்தார்கள். திட்டம் மேலும் 4 பள்ளிகளுக்குப் போனது.

சாவி வேறு கையில்

இங்கேதான் சிக்கல். அதிகாரம் கீழே வந்தது. காசுப்பெட்டியின் சாவி வரவில்லை. மாகாணத்தில் தியாகராயரின் கட்சி மந்திரிகளே உள்ளாட்சியையும் கல்வியையும் கவனித்தார்கள். ஆனால் நிதித்துறை அவர்களிடம் இல்லை. அது கவர்னர் பக்கமே இருந்தது.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்கு செலவு செய்யக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1ல் டிபன் நின்றது.

அதே 1925ல் தியாகராயரும் காலமானார்.

அணையாத அடுப்பு

பிறகு மாநகராட்சி அந்த அடுப்பை மீண்டும் பற்ற வைத்தது. 1956ல் காமராஜர் மதிய உணவைக் கிராமம் வரை கொண்டு போனார். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். 2022ல் காலை உணவும் வந்தது.

சென்ட்ரலில் இறங்கி நடந்தால் ரிப்பன் மாளிகை வாசலில் தியாகராயர் சிலை நிற்கிறது. பின்னால், உள்ளாட்சிக்கு வழி திறந்த ரிப்பன் பெயரில் கட்டடம். முன்னால், அந்த வழியில் போய் பையன்களுக்கு டிபன் போட்டவர்!